தயிருக்குப் பழகிய கால்

வாகனம் ஓட்டும் பரீட்சையில் நான் முதல் தடவை தோற்றபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் ஒரு பெண் பரீட்சையில் தோற்றால் அவளுக்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. "என்னத்துக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்றுதான் கிண்ணியாவில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பதில் சொல்லத் தொடங்கினால் என் கணவரின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அது அவருக்குப் பிடிக்காது.

எங்களுக்குத் தயிர் வியாபாரம். எருமைப் பால் எடுத்து, காய்ச்சி, உறை ஊற்றி, மண் சட்டிகளில் உறைய விடுவது என் வேலை. விடியப்புறம் சுபஹு தொழுத கையோடு அந்தச் சட்டிகளைச் சின்ன வேனில் அடுக்கி, பாலத்தைக் கடந்து திருகோணமலை டவுன் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. பாலம் கட்டுவதற்கு முன்பு படகுப் பாதையில் வேனை ஏற்றிக்கொண்டு போனவர். இருபத்தாறு வருடமாக இதுதான் எங்கள் ஏற்பாடு. மகன் கட்டாரில், மகள் கல்யாணம் முடித்து மூதூரில். வீட்டில் நாங்கள் இருவரும் சட்டிகளும்தான்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது காலில் தொடங்கிக் கண்ணுக்கு ஏறியது. வலது கண்ணில் பார்வை நன்றாக மங்கிவிட்டது, இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று கண் டொக்டர் என் முன்னால்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் இவர் சாவகாசமாக, "அவர் வலது கண்ணத்தான் சொன்னவர். இடது கண் இருக்குத்தானே" என்றார். அன்று நான் அவரோடு போட்ட சண்டை வரலாற்றில் எழுத வேண்டியது. சம்பளத்துக்கு ஒரு சாரதியைப் பிடித்தோம். அவன் ஓட்டிய ஓட்டத்தில் தயிர் குலைந்துவிட்டதென்று மூன்றே நாளில் கடைக்காரர்கள் சட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் நாள் இவர் மறுபடி சாரதிக் கதிரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். "நீ லைசன் எடு. எடுக்கிற அண்டைக்கே வேன் திறப்ப உன் கையில தாறன். அதுவரைக்கும் நான்தான் ஓட்டுவன்" என்றார். நான் பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்தாரோ என்னவோ. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்த பிறகும் அப்படி நினைத்தது அவருடைய பிழை. அடுத்த நாளே போய் டிரைவிங் ஸ்கூலில் பெயரைப் பதிந்தேன்.

அன்றிலிருந்து எனக்குக் கணக்கு ஒன்றுதான். நான் எத்தனை நாள் பிந்துகிறேனோ அத்தனை நாள் அவர் அந்தக் கண்ணோடு வீதியில் போகிறார். காலையில் வேன் எங்கள் வீட்டு ஒழுங்கையால் திரும்பிப் போன பிறகு, "வந்து சேந்திட்டன்" என்று அவர் போன் எடுக்கும் வரைக்கும் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. பால் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு. அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்பது ஒரு பயம். திரும்பி வருகிற நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதிக்கரையால் நடந்து போகும் நேரம் என்பது அதைவிடப் பெரிய பயம்.

எழுத்துப் பரீட்சையில் ஒரே தடவையில் சித்தியடைந்தேன். கியரும் கிளச்சும் டிரைவிங் ஸ்கூலில் பழகினேன். ஆனால் ஓட்டப் பழகியது அவரிடம். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் வேனின் பின்பக்கத்தில் ஆறு சட்டித் தயிரை வைத்து, வயல் வீதிக்குக் கூட்டிப்போவார். இடது பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார். அப்படிச் செய், இப்படிச் செய் என்று வாயிலிருந்து ஒரு சொல் வராது. வீட்டுக்கு வந்ததும் சட்டிகளில் கட்டிய கடதாசியை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முகத்தருகே தூக்கிப் பார்ப்பார். நல்ல எருமைத் தயிர் ஆடை கட்டி, மேலே ஒரு கோடு இல்லாமல் இருக்க வேண்டும். பிரேக்கைச் சடாரென்று மிதித்தால் தயிர் வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் விடும். தண்ணீர் விட்ட சட்டியைக் கடைக்காரர் தொடவும் மாட்டார். வெடித்த தயிரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான் பாடம்.

வெடித்ததை வீசவா முடியும்? நாங்களே தின்றோம். சோற்றுக்குத் தயிர், புட்டுக்குத் தயிர், தயிர் போட்ட கறி. எனக்கு வெறுத்துவிட்டது. அவர் மட்டும் முகம் சுளிக்காமல், இனிப்புப் பாணி ஊற்றிக்கொள்ள முடியாத குறையோடு, ஒவ்வொரு நாளும் வழித்துத் தின்றார். ஐந்தாவது மாதம் ஒரு பின்னேரம் ஆறு சட்டியும் வெடிக்காமல் வீடு வந்து சேர்ந்தது. ஆறாவது சட்டியின் கடதாசியைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "நாளைக்கு இத கடைக்குக் குடுக்கலாம்" என்றார். என் கலியாண நாளில்கூட அவர் என்னைப் பார்த்து அவ்வளவு பெருமையாகச் சிரித்ததில்லை.

இந்தத் திறமையோடுதான் நான் பரீட்சைக்குப் போனேன். டவுனில், துறைமுகத்தை ஒட்டிய வீதியில் டிரைவிங் ஸ்கூல் காரை ஓடிக் காட்ட வேண்டும். பரிசோதகர் என் மகன் வயதுக்காரர், மரியாதையான மனிதர். புறப்படும் முன்பே சொல்லிவிட்டார்: "அம்மா, நான் ஒரு இடத்தில இப்பிடித் தட்டுவன். ஒரு சின்னப் பிள்ளை குறுக்கால ஓடி வருது எண்டு நினைச்சு உடனே நிப்பாட்டுங்க." ஓம் சேர் என்றேன். கியர் மாற்றினேன், சிக்னல் போட்டேன், ரிவேர்ஸ் எடுத்துப் பார்க் பண்ணினேன், எல்லாம் அழகாக வந்தது. திரும்பி வருகிற வழியில் அவர் முன்பலகையில் ஓங்கித் தட்டினார்.

நான் நிறுத்தினேன். கால் தன்பாட்டில் பிரேக்கின் மேல் மெல்ல இறங்கி, இறங்கி, கார் ஒரு குலுக்கல் இல்லாமல் போய் நின்றது. பின்னால் தயிர் இருந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிராது. எனக்கே திருப்தியாக இருந்தது.

பரிசோதகர் தலையைத் திருப்பி, நாங்கள் கடந்து வந்த வீதியைப் பார்த்தார். "அம்மா, பிள்ளை அங்க பின்னுக்கு விழுந்து கிடக்கு" என்றார்.

வெளியே மர நிழலில் என் கணவர் வேனோடு நின்றார். பெயில் என்று சொன்னேன். கதவைத் திறந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவர்தான் ஓட்டினார். வீடு வரும் வரைக்கும் நான் வீதியைப் பார்க்கவே இல்லை, மடியில் கிடந்த படிவத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் தடவைக்கு நாள் கிடைக்கும் வரைக்கும் மனதுக்குள் ஆயிரம் தடவை பிரேக் அடித்தேன். சமைக்கும்போது அடித்தேன். படுத்துக்கொண்டு அடித்தேன். "கால வெச்சுக்கொண்டு சும்மா கிடவன்" என்று அவர் ஏசுமளவுக்குக் கட்டிலில் அடித்தேன். ஆனால் பரிசோதகர் தட்டியதும் நடந்தது வேறு. காலுக்கு என் மனது சொல்வது கேட்கவில்லை. முதல் தடவையைவிடக் கொஞ்சம் முன்னதாக நின்றது, அவ்வளவுதான். அதே பரிசோதகர். கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். "இந்த முறை பிள்ளை ஆஸ்பத்திரியில, அம்மா" என்றார். அவருக்குமே கவலையாக இருந்தது போல.

அன்று பின்னேரம் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றபோது என் வாய் என் சொல்லைக் கேட்கவில்லை. அவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, அடுத்த முறை சரிவரும் என்றோ என்னவோ சொன்னார்.

"எப்பிடிச் சரிவரும்? நான் தோக்கோணும் எண்டுதானே நீங்க இப்பிடிப் பழக்கினீங்க" என்றேன். "திறப்பக் குடுக்க உங்களுக்கு மனமில்ல. உங்களுக்கு உங்கட சட்டிதான் பெரிசு. நான் சாகும்மட்டும் ட்ரயலுக்குப் போவன், நீங்க சாகும்மட்டும் ஓட்டுங்க."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொன்ன நிமிடமே எனக்குச் சுட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கும் வழமைபோலத் தயிர் உறைய வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அவர் வேனில் சட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. டவுனுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து, இன்றைக்குத் தயிர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருநாளைக்குக்கூட இல்லை என்று சொல்லாத மனிதர். பிறகு என்னைக் கூப்பிட்டார். "வா புள்ள. ஏறு."

வழமையான ஆறு சட்டி இல்லை. டவுனுக்குப் போக வேண்டிய அத்தனையும் பின்னால் இருந்தது. சாய்த்துக் கட்டும் கயிறும் இல்லை, இடைக்கு வைக்கும் வைக்கோலும் இல்லை. வயல் வீதியில் ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்துக்கு வந்ததும், "இப்ப வேகமாப் போ" என்றார். போனேன். முன்பலகையில் தட்டினார். நான் மெல்ல நிறுத்தினேன். ஒரு சட்டியும் அசையவில்லை.

"இன்னொருக்கா."

மறுபடியும் போனேன், மறுபடியும் மெல்லத்தான் நின்றது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். "எனக்கு ஏலா" என்றேன். "பின்னுக்குத் தயிர் இருக்கு. எனக்கு ஏலாது."

"தயிர் போகட்டும் புள்ள" என்றார். "அதுக்குத்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்."

நான்காம் தடவை அவர் தட்டவில்லை, கத்தினார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். "அடி!" என்றார். அடித்தேன். வேன் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பின்னால் முழு அடுக்கும் சரிந்து உடைந்த சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தயிர் கதிரைகளுக்குக் கீழால் ஊறி வந்து என் கால்களை நனைத்தது. இரவு முழுக்க நான் உறைய வைத்த தயிர். நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

அவர் என் முதுகில் கையை வைத்தார். "தயிருக்குத்தான் நான் உனக்குப் பழக்கினனான். புள்ள ஒண்டு குறுக்கால வரும் எண்டு நான் யோசிக்கல்ல. அது என்ட பிழை" என்றார். பிறகு, "திறப்பக் குடுக்க மனமில்ல எண்டதும் பொய்யில்ல. அந்த மனம் இருந்திச்சுத்தான்" என்றார்.

அப்படி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் ஒரு மனிதரோடு எப்படிக் கோபமாக இருப்பது? "சாகும்மட்டும் ஓட்டுங்க எண்டு நான் சொன்னதும் பிழைதான்" என்றேன். இருபத்தாறு வருடத்தில் நான் கேட்ட மன்னிப்புகளில் அது பெரியது.

"சரி, இன்னொருக்கா அடி" என்றார். "இனி உடைய ஒண்டும் இல்ல."

அன்று எத்தனை தடவை அடித்தேனோ தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் உடைந்த சட்டி ஓடுகள் உருண்டு வந்து முட்டின. கடைசியில் எங்கள் இருவருக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டு வளவுக்குள் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்ததும் தயிர் வாய்க்காலாக இறங்கியது. ஒழுங்கையில் உள்ள பூனைகள் எல்லாம் அழைப்புக் கிடைத்தது போல வந்து சேர்ந்தன. நான் பைப்பைப் பிடிக்க, அவர் குந்தியிருந்து ஓடு பொறுக்கினார். சட்டைக் கை, தாடி எல்லாம் வெள்ளை. அந்த மனிதரில் எனக்கு அப்படி ஒரு அன்பு வந்தது. சொன்னால் கேலி பண்ணுவார் என்று சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் தடவை பரிசோதகர் தட்டியதும் கார் நின்ற வேகத்தில் அவருடைய பேனை கையை விட்டுப் பறந்தது. இருக்கைப் பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குனிந்து பேனையைத் தேடி எடுத்தார். "பிள்ளை தப்பிட்டுது அம்மா" என்றார்.

என் கணவர் அதே மர நிழலில் நின்றார். நான் நடந்து வந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், ஆனால் நான் கிட்டப் போகும் வரைக்கும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாஸ் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு வேனைச் சுற்றிப் போய் இடது பக்கத்தில் ஏறினார்.

வீட்டுக்கு வரும் வழியில், சீனன்குடாவுக்குக் கிட்ட வந்தபோது எங்களுக்கு முன்னால் மூதூர் பஸ் போய்க்கொண்டிருந்தது. பெரிய சிவப்பு பஸ். அதன் பின்பக்கம் எங்கள் முன்கண்ணாடி முழுவதையும் நிறைத்திருந்தது. புகையைத் தின்றுகொண்டு நான் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"முன்னுக்கு ஏதும் போகுதா புள்ள?" என்று கேட்டார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். புது டிரைவரைச் சீண்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த பஸ்ஸின் மேலேயே. முகத்தில் சிரிப்பு இல்லை.

"பஸ் ஒண்டு போகுது" என்றேன்.

"பெரிசா என்னவோ மங்கலாத் தெரியுது. இடைவெளி விட்டுப் போ."

"எப்ப இருந்து இப்பிடி?"

"ரெண்டு மாசம் இருக்கும். இடது கண்ணும் போகத் தொடங்கிட்டு. கையில எடுத்துப் பாத்தா தெரியும். தூரத்துல எல்லாம் புகை."

இரண்டு மாதம். ஒவ்வொரு காலையும் பாலத்தைக் கடந்து டவுனுக்கு. இரண்டாம் தடவை தோற்ற என்னை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இன்று காலை என்னை இங்கே கூட்டிவந்ததும் இந்தக் கண்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ திறப்பப் பறிச்சிருப்பா. கடையளுக்கு எப்பிடிப் போற? நீ பாஸாகும்மட்டும் எப்பிடியும் இழுத்திடலாம் எண்டு நெனச்சன். பாலத்துல ஏறக்குள்ள சாகப் போறவன் மாதிரிக் கலிமாவச் சொல்லிட்டுத்தான் ஏறினனான் புள்ள, ஒவ்வொரு நாளும்."

பஸ்ஸைப் போக விட்டுவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டே நான் அவரை ஏசத் தொடங்கினேன். ஏசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. யாருடைய பிள்ளையாவது அடிபட்டிருந்தால் எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் போயிருப்பீர்கள் என்று கேட்டேன். "தெரியும்" என்றார். பாவி என்றேன். "ஓம்" என்றார். நீங்கள் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்வேன் என்றும் கேட்டேன். வெள்ளைமணல் கழிந்து பாலத்தடிக்கு வந்த பிறகும் எனக்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

அதையும் கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் பார்த்தேன். அவர் தலையைக் கதவுக் கண்ணாடியில் சாய்த்து நித்திரையாகிவிட்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பஸ்ஸில் போனாலும் சரி, ஆஸ்பத்திரி வேனில் போனாலும் சரி, ஓடுகிற வாகனத்தில் அவர் கண்ணை மூடி நான் அதுவரைக்கும் கண்டதில்லை. மிச்சம் இருந்ததை விழுங்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். வளவுக்குள் வந்த பிறகும் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழும்பிவிடுவார் என்று, அப்படியே கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு இருந்தேன்.